கோத்தகிரிக்கு நாயோடு போகிறோம்: காரா, ரயிலா?

#1 செம்மண் (திருவான்மியூர்)

எங்கள் வீட்டு வீராவுக்கு ஆறு வயது. நாட்டு நாய், எடை 18 கிலோ. மே மாத விடுமுறையில் நானும் கணவரும் மகளும் கோத்தகிரியில் ஒரு வாரம் தங்கப் போகிறோம். வீராவை விட்டுவிட்டு வர மகளுக்கு மனமில்லை; எனக்கும்தான். "காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் முடிந்தது" என்கிறார் கணவர். நல்ல காற்று வாங்கப் போகிறவர்கள் வழியெல்லாம் புகை விட்டுக்கொண்டு போவானேன் என்று நான்தான் முரண்டு பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ரயிலில் நாயை ஏற்ற முடியுமா? அதன் கழிவை பிளாஸ்டிக் பை இல்லாமல் எப்படிச் சமாளிப்பது? மலையில் வேறு எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். "நாய்க்குக் கூடவா சுற்றுலா" என்று கேட்க நினைப்பவர்களுக்கு முன்கூட்டியே வணக்கம்.

#2 பழைய பார்சல்

ரயில்வே பார்சல் அலுவலகத்தில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். விதியைச் சொல்லிவிடுகிறேன் அம்மா.

நாயை நம்மோடு வைத்துக்கொண்டு போக ஒரே வழி, முதல் வகுப்பில் ஓர் அறை முழுவதும் நமக்கே இருப்பது. இரண்டு படுக்கை உள்ள கூபே, அல்லது நான்கு படுக்கை உள்ள கேபின். இரண்டாம் ஏசி, மூன்றாம் ஏசி, ஸ்லீப்பர், நாற்காலி வண்டி எதிலும் அனுமதி இல்லை. ஆகவே நாற்காலி மட்டும் உள்ள வந்தே பாரத், தேஜஸ் ரயில்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இன்னொரு வழி, ரயில் கார்டு பயணிக்கும் பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டு. கூபேயில் போனால் நாயை 60 கிலோ சாமான் என்று கணக்கிட்டுக் கட்டணம் போடுவார்கள். கூண்டில் போனால் 30 கிலோ. சொல்லாமல் ஏற்றிப் பிடிபட்டால் ஆறு மடங்கு.

நீங்கள் மூன்று பேர். கேபின் என்றால் நான்கு படுக்கையும் உங்களுடையதாக இருக்க வேண்டும். அதற்குப் பதில், இருவர் வீராவோடு கூபேயில் ஏறுங்கள். மூன்றாமவர் அதே ரயிலில் மூன்றாம் ஏசியில் தூங்கட்டும். சென்னை சென்ட்ரலில் இரவு ஒன்பது மணி வாக்கில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் மேட்டுப்பாளையத்தில் விடும். அதில் முதல் வகுப்பு ஏசி உண்டு.

சிக்கல் எங்கே என்றால், டிக்கெட் எடுக்கும்போது கூபே என்று உறுதி தரமாட்டார்கள். இருக்கை ஒதுக்கீட்டுப் பட்டியல் தயாராகும்போதுதான் தெரியும். இருவருக்கும் ஒரே பிஎன்ஆரில் டிக்கெட் எடுத்துவிட்டு, "வளர்ப்பு நாயுடன் பயணம், கூபே ஒதுக்க வேண்டுகிறேன்" என்று கோட்ட வணிகப் பிரிவுக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுங்கள். நாங்கள் வேலையில் இருந்தபோது அப்படிக் கடிதம் கொடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது. கொடுக்காமல் வந்து முகப்பில் சண்டை போட்டவர்களுக்குக் கிடைக்கவில்லை.

#3 செம்மண்

நன்றி ஐயா. கூபே கிடைக்காவிட்டால் கூண்டில் விடலாமா? ஓர் இரவுதானே என்று கணவர் கேட்கிறார்.

#4 ஈரோடு கால்நடை மருத்துவர்

மே மாதத்தில் கூடவே கூடாது. இதில் பேச்சுக்கே இடமில்லை.

நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். சுற்றியுள்ள காற்றே சூடாகவும் ஈரமாகவும் இருந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும். இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி வரை. 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். கார்டு பெட்டியில் இருப்பது நாள் முழுக்க வெயிலில் காய்ந்த இரும்புப் பெட்டி. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அது கொலைக்களம். உங்கள் நாட்டு நாய் அவற்றைவிடத் தாங்கும் என்றாலும், தனியாக, இருட்டில், தண்டவாள இரைச்சலில் இரவெல்லாம் கிடந்த நாய் காலையில் எந்த நிலையில் இறங்கும் என்று யோசியுங்கள்.

தூக்க மாத்திரை கொடுத்துவிடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம். மயக்கத்தில் இருக்கும் நாயால் சூட்டையும் சமாளிக்க முடியாது, ஆட்டத்தில் நிலையாக நிற்கவும் முடியாது. கிளம்புவதற்கு நான்கைந்து மணி நேரம் முன்பே உணவை முடித்துவிடுங்கள். தண்ணீர் மட்டும் கொடுங்கள். மலை வளைவில் வாந்தி எடுப்பது பாதி குறையும்.

#5 கணக்குப்பிள்ளை

ரயிலில் ஏறினாலே புண்ணியம் என்ற நினைப்பைக் கொஞ்சம் கலைக்க அனுமதியுங்கள்.

சென்னையிலிருந்து கோத்தகிரி ஏறக்குறைய 540 கிலோமீட்டர். கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் 36 லிட்டர் பெட்ரோல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. ஒரு வழிக்கு 83 கிலோ, போய்வர 166 கிலோ. மூன்று பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 55 கிலோ. வீராவையும் ஒரு தலையாக எண்ணினால் இன்னும் குறையும்.

முதல் வகுப்பு ஏசிப் பெட்டியில் எத்தனை பேர் போகிறார்கள்? மூன்றாம் ஏசியில் போகிறவர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர்தான் இருப்பார்கள். இழுக்கும் எடை அதே எடை, குளிரூட்டும் மின்சாரமும் அதே. அந்த மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது. அப்போதும் ரயில்தான் மேல் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கூபேக்கும் நிரம்பிய காருக்கும் உள்ள வித்தியாசம், ஸ்லீப்பருக்கும் ஒற்றை ஆள் போகும் காருக்கும் உள்ள வித்தியாசம் அளவுக்கு இல்லை.

#6 பழைய பார்சல்

ஐயா, நீங்கள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அந்தப் பெட்டி மேட்டுப்பாளையம் போகத்தான் போகிறது. கார் அப்படியா? நீங்கள் சாவியைத் திருகினால்தான் கிளம்பும்.

#7 கணக்குப்பிள்ளை

அதே வாதத்தை விமானத்துக்கும் சொல்லலாம் ஐயா: "நான் ஏறாவிட்டாலும் பறக்கத்தான் போகிறது." எல்லோரும் அப்படி நினைத்து ஏறினால் அடுத்த ஆண்டு இன்னொரு விமானம் விடுவார்கள்.

#8 பழைய பார்சல்

இன்னொரு ரயில் விட்டால் விடட்டுமே! அதற்காகத்தானே நாங்களும் மனு மேல் மனு போட்டுக்கொண்டிருக்கிறோம்.

#9 கோத்தகிரி மலர்

இரண்டு பெரியவர்களும் புகைக் கணக்கிலேயே நிற்கிறீர்கள். ஊர்க்காரி என்ற முறையில் நான் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன், செம்மண் அக்கா.

நீங்கள் வருவது ஒரு நாள், திரும்புவது ஒரு நாள். நடுவில் ஒரு வாரம் உங்கள் நாய் இங்கே என்ன செய்கிறது என்பதுதான் எங்கள் கவலை. வருகிறவர்களில் பலரும் முதலில் செய்யும் காரியம், "பாவம், சென்னையில் கட்டியே கிடக்கிறது, கொஞ்சம் ஓடட்டும்" என்று தேயிலைத் தோட்டத்தில் அவிழ்த்துவிடுவது. இங்கே தேயிலைக்குள் காட்டெருமை மேய்கிறது. நாய் குரைத்துக்கொண்டு கிட்டே போகும்; எருமை திரும்பி நின்று ஒரு முறை மூச்சு விடும்; உடனே உங்கள் வீரா வாலைச் சுருட்டிக்கொண்டு எங்கே ஓடி வரும்? உங்களிடம்தான். பின்னாலேயே எருமையும் வரும். சிறுத்தையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இங்கே வீட்டு வாசலில் கட்டிய நாயையே இரவில் தூக்கிக்கொண்டு போகிறது. பொழுது சாய்ந்த பிறகு நாய் அறைக்குள் இருக்க வேண்டும், வராந்தாவில்கூட வேண்டாம்.

லாங்வுட் சோலை ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சுற்றியுள்ள கிராமங்களுக்குக் குடிநீர் அங்கிருந்துதான் வருகிறது. தரையை ஒட்டியும் தாழ்ந்த புதர்களிலும் கூடு கட்டும் பறவைகள் அங்கே உண்டு, கோடையில் பலவற்றுக்குக் கூடு கட்டும் காலம். கயிற்றில் பிடித்திருந்தாலும் நாயின் வாடையே அவற்றுக்கு அச்சம்தான். சோலைக்குப் போக ஆசையிருந்தால் ஒருவர் வீராவோடு அறையில் இருங்கள், மற்றவர்கள் போய் வாருங்கள். முதுமலை, முக்குருத்தி போன்ற காப்பகங்களுக்குள் வளர்ப்பு நாய்க்கு இடமே இல்லை. அந்தத் திட்டம் இருந்தால் இப்போதே கைவிட்டுவிடுங்கள்.

#10 நகரத்து நரி

ஆக மொத்தம், நாயைக் கூட்டி வராதீர்கள் என்கிறீர்கள். அதை ஒரே வரியில் சொல்லியிருக்கலாம்.

#11 கோத்தகிரி மலர்

அப்படிச் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் நாய் இருக்கிறது. கயிறும் கட்டுப்பாடும் இருந்தால் வரட்டும். சாலையோரம், ஊர்ப்பாதை, தங்கும் வீட்டுத் தோட்டம் என்று நடக்க இடத்துக்கா பஞ்சம்?

#12 ஈரோடு கால்நடை மருத்துவர்

மலர் சொன்னதோடு நோயைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2018 செப்டம்பரில் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 23 சிங்கங்கள் இறந்தன. அவற்றில் பலவற்றின் மாதிரிகளில் டிஸ்டெம்பர் வைரஸ் இருந்தது. நாய்களைத் தாக்கும் அதே வைரஸ்தான். 1994இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் இதே நோயால் மூன்றில் ஒரு பங்கு சிங்கங்கள் செத்தன. சுற்றுவட்டார ஊர் நாய்களிடமிருந்து அது போயிருக்கும் என்றுதான் ஆய்வாளர்கள் கருதினார்கள். நீலகிரியில் செந்நாய்க் கூட்டங்கள் இருக்கின்றன. அவையும் நாய்க் குடும்பம்தான். வெறிநோய், டிஸ்டெம்பர், பார்வோ எல்லாம் அவற்றுக்கும் தொற்றும்.

ஆகவே வெறிநோய்த் தடுப்பூசி மட்டும் போட்டுவிட்டு, அட்டையைக் காட்டினால் போதும் என்று இருக்காதீர்கள். டிஸ்டெம்பர், பார்வோ, லெப்டோ (எலிக்காய்ச்சல்) சேர்ந்த கூட்டு ஊசியும் நாள் தவறாமல் போட்டிருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பே போட்டுவிடுங்கள், முந்தைய நாள் அல்ல.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. உண்ணிக்காக முதுகில் சொட்டுவிடும் மருந்து. அதில் இருப்பது பெரும்பாலும் ஃபிப்ரோனில் அல்லது இமிடாகுளோப்ரிட், இரண்டும் பூச்சிக்கொல்லி. இங்கிலாந்து ஆறுகளில் எடுத்த நீர் மாதிரிகளில் 98 சதவீதத்தில் ஃபிப்ரோனில் இருந்ததாக 2020இல் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். வயலில் அதற்கு அங்கே அநேகமாக வேலையே இல்லாத நிலையில், வளர்ப்பு நாய் பூனைகளைத்தான் அவர்கள் முக்கியமாகச் சந்தேகித்தார்கள். மலை ஓடையில் தும்பிக் குஞ்சும் தலைப்பிரட்டையும் வாழ்கின்றன. மருந்து விட்ட கையோடு நாயை ஓடையில் இறக்காதீர்கள். மருந்தே தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். மாலையில் காது மடலுக்குள்ளும் விரல் இடுக்கிலும் விரலால் தடவிப் பார்த்து, உண்ணியைப் பிடுங்கி ஸ்பிரிட்டில் போடுவது பழைய வழிதான், இன்றும் பலன் தரும்.

#13 செம்மண்

இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. கழிவு பற்றி யாரும் சொல்லவில்லையே? கடையில் "மக்கும் பை" என்று பச்சை நிறத்தில் விற்கிறார்கள். வாங்கலாமா?

#14 கணக்குப்பிள்ளை

பச்சை நிறத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். சில பைகள் வெறும் பிளாஸ்டிக்கில் ஏதோ கலந்து தூள்தூளாக உதிரும்படி செய்தவை; கண்ணுக்குத் தெரியாமல் போவதை மக்குவது என்கிறார்கள். உண்மையில் மக்கக்கூடியவை பெரும்பாலும் சூடேறிய பெரிய உரக்கூடத்தில்தான் மக்கும். மலைக் குளிரில் குப்பை மேட்டில் அது பை பையாகவே கிடக்கும்.

#15 கோத்தகிரி மலர்

இங்கே பிளாஸ்டிக் பைக்கு மட்டுமல்ல, பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலுக்கும் தடை. சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். வீராவுக்கான தண்ணீரையும் எஃகு கூஜாவில் கொண்டு வாருங்கள்.

கழிவுக்குப் பழைய செய்தித்தாள் போதும். கால் பக்கமாகக் கிழித்து மடித்துப் பையில் வைத்துக்கொள்வேன். எங்கள் நாய் குனியத் தொடங்கியதும் பின்னால் தாளை நீட்டிவிட்டால் தரையில் படவே படாது. நாய்க்கும் அது பழகிவிட்டது. சுருட்டி, தங்கும் இடத்தில் கழிப்பறையில் கழிவை மட்டும் கொட்டித் தண்ணீர் ஊற்றுங்கள், தாளைக் குப்பையில் போடுங்கள். அதற்கு வழியில்லாவிட்டால் ஓடை, கிணறு, ஊற்று எதிலிருந்தும் 60 மீட்டராவது தள்ளி ஒரு சாண் ஆழம் குழி தோண்டிப் புதையுங்கள். தோட்டத்து உரக்குழியில் மட்டும் போடாதீர்கள். நாய்க் கழிவில் புழு முட்டை இருக்கும், அது வீட்டு உரக்குழிச் சூட்டில் சாகாது. இங்கே அந்த உரம் கேரட்டுக்கும் பீன்ஸுக்கும் போகிறது.

#16 பூனைவீடு

இடையில் நுழைவதற்கு மன்னியுங்கள். பூனையையும் இப்படிக் கூட்டிப் போகலாமா?

#17 ஈரோடு கால்நடை மருத்துவர்

பூனைக்கு இடம்தான் வீடு, ஆட்கள் இரண்டாம்பட்சம். பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துச் சோறு வைக்கச் சொல்லிவிட்டுப் போங்கள். புது இடத்தில் சன்னல் வழியே வெளியேறினால் திரும்பி வருவது அதன் அதிர்ஷ்டம். அதுவரை கண்ணில் பட்ட ஓணானையும் குருவியையும் விட்டுவைக்காது.

#18 சிறகடி

எங்கள் வீட்டில் பச்சைக்கிளி வளர்க்கிறோம். கூண்டோடு காரில்...

#19 கோத்தகிரி மலர்

கழுத்தில் வளையம் போட்ட நம் ஊர்ப் பச்சைக்கிளியா? அதைக் கூண்டில் வைப்பதே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மலைக்குக் கொண்டு வந்தால் முதல் சாவடியிலேயே வனத்துறை கேட்கும். உங்கள் மாவட்ட வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்; நீங்களாகப் பறக்கவிட்டாலும் கூண்டில் வளர்ந்த கிளி இரை தேடத் தெரியாமல் சாகும். லவ் பேர்ட்ஸ் போன்ற வெளிநாட்டுப் பறவை என்றால் வேறு பேச்சு.

#20 செம்மண்

மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே எப்படிப் போவது? மலை ரயிலில் நாயை ஏற்றுவார்களா? மகளுக்கு அந்த ஆசை வேறு.

#21 பழைய பார்சல்

மலை ரயிலில் உட்காரும் இருக்கைகள்தான், படுக்கை அறை கிடையாது. கூபே விதி அங்கே பொருந்தாது. அது கோத்தகிரிக்கும் வராது, குன்னூர் வழியாக ஊட்டிக்குப் போகிறது. மகளும் அப்பாவும் ஒரு நாள் குன்னூரிலிருந்து ஊட்டி வரை அதில் போய் வரட்டும்.

#22 கோத்தகிரி மலர்

மேட்டுப்பாளையத்திலிருந்து குஞ்சப்பனை வழியாக 33 கிலோமீட்டர்தான். அரசுப் பேருந்து இருக்கிறது. நாயை ஏற்றுவது நடத்துனரின் மனதைப் பொறுத்தது, மே மாதக் கூட்டத்தில் எதிர்பார்க்க வேண்டாம். காலையில் மேலிருந்து பயணிகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும் கோத்தகிரி டாக்சிகள் ஸ்டேஷன் வாசலில் நிற்கும். அதில் ஏறுங்கள். எப்படியும் மேலே வரப்போகிற வண்டி. நீலகிரிப் பதிவெண் என்பதால் இ-பாஸும் (இணையத்தில் எடுக்கும் நுழைவு அனுமதி) வேண்டாம். 2024 மே 7 முதல் வெளி மாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். உங்கள் சொந்தக் காரில் வந்தால் அந்த வேலையும் சேரும். இருக்கையில் விரிக்க ஒரு பழைய வேட்டி கொண்டு வாருங்கள், ஓட்டுநர் மறுபேச்சுப் பேசமாட்டார்.

தங்கும் இடத்தில் எழுத்தில் உறுதி வாங்குங்கள். "செல்லப்பிராணிகள் வரலாம்" என்று விளம்பரம் செய்த ஓர் இடத்தில் என் உறவினரை நாயோடு பார்த்ததும் "சிறிய நாய் என்று நினைத்தோம்" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

வீராவுக்கு ஊட்டி சாக்லேட் மட்டும் வாயில் படக்கூடாது. கடைக்காரர்கள் அன்பாக நீட்டுவார்கள்.

#23 ஈரோடு கால்நடை மருத்துவர்

அதுவும் அங்கே பேர்போன கறுப்புச் சாக்லேட். அதிலுள்ள தியோபுரோமின் நாய்க்கு நஞ்சு. நிறம் எவ்வளவு கறுப்போ அவ்வளவு ஆபத்து. திராட்சையும் வெங்காயமும் அப்படித்தான். வீட்டில் தின்கிற சோற்றையே அங்கேயும் கொடுங்கள். அரிசியும் கோழிக்கடையில் மிஞ்சும் ஈரலும் கழுத்தும் எங்கும் கிடைக்கும். பளபளக்கும் உறையில் வரும் இறக்குமதித் தீனியைவிட அது பூமிக்கும் நல்லது, அதன் வயிற்றுக்கும் பழகியது.

#24 செம்மண்

வீட்டில் பேசிவிட்டோம். மே மாதத் திட்டத்தைக் கைவிட்டோம். பொங்கல் விடுமுறையில் போகிறோம். அப்போது குளிர்காலம், டாக்டர் சொன்ன சூட்டுப் பயமும் இல்லை. நானும் மகளும் வீராவோடு கூபேயில், கணவர் மூன்றாம் ஏசியில். கூபே கிடைக்காவிட்டால் வீரா திருவான்மியூரிலேயே என் தங்கை வீட்டில் இருக்கும். மகள் இதற்கு ஒப்புக்கொள்ள அரைநாள் ஆனது. பார்சல் ஐயா, கடைசி நாளில் என்னென்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

#25 பழைய பார்சல்

பொங்கல் என்றால் முன்பதிவு திறக்கும் காலையிலேயே உட்கார்ந்துவிடுங்கள். இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறார்கள். 2024 அக்டோபர் வரை 120 நாட்களாக இருந்தது.

பயணத்துக்கு முந்தைய நாள் மருத்துவரிடம் உடல்தகுதிச் சான்று வாங்குங்கள். அதில் இனம், நிறம், பாலினம் மூன்றும் எழுதியிருக்க வேண்டும். நாட்டு நாய் என்றால் "நாட்டு நாய்" என்றே எழுதச் சொல்லுங்கள். அந்த இடத்தைக் காலியாக விட்டால் பார்சல் எழுத்தர் திருப்பி அனுப்புவார், நானே அனுப்பியிருக்கிறேன். தடுப்பூசி அட்டை, டிக்கெட், அடையாள அட்டை எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு நகல். ரயில் கிளம்ப மூன்று மணி நேரம் முன்பே சென்ட்ரல் பார்சல் அலுவலகத்துக்கு வந்துவிடுங்கள். அங்கே தரும் ரசீதை டிக்கெட்டோடு வைத்திருங்கள், பரிசோதகர் முதலில் அதைத்தான் கேட்பார்.

சங்கிலி, வாய்ப்பூட்டு இரண்டும் கையில் இருக்கட்டும். நடைமேடையில் ஏறுமுன் ஒரு முறை வெளியே நடத்திக் கழிக்கவிட்டு வாருங்கள். கூபே தரையில் பழைய சாக்கும் அதன்மேல் செய்தித்தாளும் விரியுங்கள். திரும்பும் பயணத்துக்கு இதே ரசீது செல்லாது. மேட்டுப்பாளையத்தில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், சான்றும் புதிதாக வேண்டும். கோத்தகிரி அரசு கால்நடை மருத்துவமனையில் எந்த நேரத்தில் பார்க்கிறார்கள் என்று மலரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பொங்கல் வாரத்தில் அரசு விடுமுறைகள் வரிசையாக வரும்.

#26 கோத்தகிரி மலர்

காலையில் போனால் பார்ப்பார்கள். நீங்கள் திரும்பும் தேதியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள் அக்கா, அன்று மருத்துவர் இருக்கிறாரா என்று முன்பே கேட்டுச் சொல்கிறேன்.